முகம் பார்த்து மை

செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

உங்கள் பள்ளியின் முன்னாள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை எழுதுகிறேன். அக்கா என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. மூன்று வருடம் கூப்பிடாமல் இருந்தால் அந்த வார்த்தையும் கோபித்துக்கொண்டு போய்விடும் போலிருக்கிறது.

நேற்று மூன்றாவது பீரியடில் எனக்கு ஒரு கவர் வந்தது. கல்வி அலுவலக முத்திரை. உன் பள்ளியில் நடக்கும் பென்சில் வருகைப் பதிவை ஜனவரியிலிருந்து நகரத்தின் நூற்றுப் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுபோகிறார்களாம். அதை மற்றத் தலைமையாசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இயக்குநராக நீ வருகிறாயாம். உன் கீழே வேலை பார்த்த நான்கு ஆசிரியர்கள் அந்த முறையைப் பற்றி முப்பதாம் தேதிக்குள் எழுதித் தந்தால் உத்தரவு கையெழுத்தாகிவிடுமாம். அந்த நான்கு பேரில் நான் ஒருத்தி. எங்கள் ஹெச்.எம். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "உங்க அக்காவுக்கு நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்க டீச்சர், நாளைக்கு நமக்கும் உதவும்" என்றார்.

என்ன எழுதட்டும்? நீயே சொல். இரண்டு ரயில் மாறி வரவேண்டிய இந்தப் பள்ளிக்கு என்னைத் தூக்கி எறிந்தாயே, அதை எழுதட்டுமா? என் வகுப்பின் பின்சுவரில் தண்ணீர் மோட்டார் இருக்கிறது. அது ஓடும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என் உதட்டைப் பார்த்துத்தான் எழுத்துப் படிக்கிறார்கள்.

அல்லது ரெட்டைப்பின்னலைப் பற்றி எழுதட்டுமா? அந்தச் செல்லப் பெயர் உனக்குத் தெரிந்திருக்காது. உன் அறிக்கையில் அவள் 'இருபத்து மூன்றாம் எண்'. ஏழு வயது. பள்ளிக்கு வரும் பேருந்தின் பின் சீட்டில் தூங்கிப்போய், யாரும் பார்க்காமல், டிப்போவில் பூட்டிய பேருந்துக்குள் வெயிலில் மாலை மூன்றரை வரை கிடந்தாள். அத்தனை நேரமும் நம் பதிவேட்டில் அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், மையில், உன் கையால். பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். காரணம் 'வகுப்பாசிரியையின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலை எட்டரைக்கு வழக்கம்போல் கேட்டில் நின்று பிள்ளைகளுக்கு வணக்கம் சொன்னாய்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன். நாற்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. கடிதத்திலாவது என் பாதி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை


செப்டம்பர் 8

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. ஆரம்பத்தில் 'உங்கள்', அடுத்த பத்தியிலேயே 'உன்'. மரியாதை கொடுப்பதென்றால் கடைசிவரை கொடு, இல்லையென்றால் முதலிலேயே விட்டுவிடு. எதையும் பாதியில் விடுவது உன் பிறவிக்குணம்.

உன் பெயரை நான் கொடுக்கவில்லை. அலுவலகம் தன் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறது. என்னைக் கேட்டிருந்தால் வாட்ச்மேன் பீரங்கியின் பெயரைக் கொடுத்திருப்பேனே தவிர உன் பெயரைக் கொடுத்திருக்க மாட்டேன்.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். பத்தொன்பது வருடத்துக்கு முன் நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோது ஒன்பது ஐந்துக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். அறுபது எழுபது பிள்ளைகள் தினமும் வெளியே நடைபாதையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்பா இரவு ஷிப்ட், அம்மா காலை ஷிப்ட், எழுப்பிவிட வீட்டில் ஆள் கிடையாது. பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பிப்போன பிள்ளை மறுநாளும் வராது. ஒரு மாதத்தில் பெயரை அடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் அதற்கு 'இடைநிற்றல்' என்று ஒரு அழகான பெயர். கேட்டைச் சாத்தி வெளியே நிற்கவைத்துவிட்டு, நின்றுவிட்டான் என்று அவன்மேலேயே பழி.

அந்தப் பூட்டைக் கழற்றியவள் நான். ஒன்பது மணிக்கு வராத பிள்ளைக்கு 'இல்லை' போடாதே, பென்சிலில் ஒரு கோடு போடு என்றேன். ஒன்பதேகாலுக்குள் அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி பீரங்கியிடம் அனுப்பு. அவர் வீட்டுக்கே போய்க் கூட்டிவருவார். பதினோரு மணிக்கு நான் ஒவ்வொரு வகுப்பாக வந்து, முகம் பார்த்து, பிள்ளை வந்திருந்தால் பென்சில் மேல் மை போடுவேன். இதுதான் முறை. இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பீரங்கி தெருவில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலாவது மாடியில் தூங்குகிறவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பான். முதல் வருடமே நாற்பத்தொரு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மூடிவிடலாம் என்று கோப்பில் குறிப்பு எழுதிவைத்திருந்த பள்ளி இது. இப்போது இடம் போதாமல் ஒரு வகுப்பு நூலகத்தில் நடக்கிறது.

இது நூற்றுப் பன்னிரண்டு பள்ளிக்கும் போனால் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் நடைபாதையிலிருந்து உள்ளே வருவார்கள் என்று யோசித்துப் பார். அதை உன் வீம்புக்காகக் கெடுக்கப் பார்க்கிறாய்.

எழுதத்தான் வேண்டுமென்றால் எழுது. ஆனால் முழுசாக எழுது. அன்று சீட்டு ஏன் பீரங்கியிடம் வரவில்லை என்பதிலிருந்து ஆரம்பி.

அக்கா

பி.கு. நான் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாய். சந்தோஷம். வந்துபோன அடையாளமாக ஈரக் குடையை என் நாற்காலியில் வைக்க வேண்டாம்.


செப்டம்பர் 12

அக்கா,

சரி, மரியாதையை விட்டுவிட்டேன். திருப்தியா?

சீட்டு அனுப்ப மறந்தேன். விசாரணையில் சொன்னேன், எழுதிக் கொடுத்தேன், தண்டனையும் வாங்கினேன். அன்று உன் முறையைப் பார்க்க அலுவலகத்திலிருந்து நாலு பேர் வருகிறார்கள் என்று பள்ளிக்கூடமே தலைகீழாக நின்றது. வராந்தாவை மூன்று தடவை துடைக்கவைத்தாய். பிள்ளைகளின் நகத்தைப் பார்த்தாய், எங்கள் நகத்தையும் பார்த்தாய். அந்த அமளியில் ஒரு சீட்டு விட்டுப்போயிற்று. என் பங்கு அவ்வளவுதான். உன் பங்கு எங்கே?

பதினோரு மணிக்கு அந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தாய். மேஜைமேல் குனிந்தாய். "இந்த நோட்டு பொய் சொல்லாது சார். மை போடுறதுக்கு முன்னாடி நான் ஒவ்வொரு முகத்தையும் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே மேலிருந்து கீழே முப்பத்தாறு பேருக்கும் சரசரவென்று மை போட்டாய். ஒரு பிள்ளையின் முகத்தையும் நீ பார்க்கவில்லை. நீ பார்த்ததெல்லாம் தங்க பிரேம் கண்ணாடி போட்டிருந்த அந்த அதிகாரியின் முகத்தை. பிறகு அறிக்கையில் என்ன எழுதினாய்? 'அனைவரும் வந்திருப்பதாக வகுப்பாசிரியை சொன்னதை நம்பி மையிடப்பட்டது.' நீ என்னைக் கேட்கவே இல்லையே. நான் சொல்லவும் இல்லையே.

பன்னிரண்டு மணிக்கு ரெட்டைப்பின்னலின் அம்மா தையல் கம்பெனியிலிருந்து நம் பள்ளி ஆபீசுக்குப் போன் பண்ணினாள். தினமும் அவளைப் பத்திரமாக இறக்கிவிடும் கண்டக்டர் அன்று லீவு என்று யாரோ சொல்லி, மனசு கேட்காமல் பண்ணியிருக்கிறாள். கிளார்க் பதிவேட்டைப் பிரித்தார், மை இருந்தது. "கிளாஸ்லதான் இருக்காம்மா, கவலப்படாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். இதற்குப் பிறகும் உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?

அப்புறம் அந்தத் துணைத் தலைமைப் பதவி. அந்த நாலு பேர் வருவதற்கு முந்தின நாள், ஸ்டாப் ரூமில் எல்லோர் முன்பும் வைத்து, என்னைவிட ஆறு வருடம் ஜூனியரான ஸ்கேல் டீச்சருக்கு அதைக் கொடுத்தாய். முதுகு வளையாமல் நிற்பாள் என்பதைத் தவிர அவளிடம் என்ன இருக்கிறது? "தங்கச்சின்னெல்லாம் நான் பாக்க மாட்டேன்" என்று ஒரு பெருமை வேறு. தங்கை என்று பார்க்க வேண்டாம். பதினான்கு வருடம் உன் பள்ளியில் மாடாக உழைத்தவள் என்று பார்த்திருக்கலாம்.

இருபத்தைந்தாம் தேதிவரை உனக்குக் கெடு. முகம் பார்க்காமல் மை போட்டேன், அறிக்கையில் பொய் எழுதினேன் என்று அலுவலகத்துக்கு நீயே எழுது. நீ எழுதாவிட்டால் நான் எழுதுவேன்.

குடை வைத்த நாற்காலி அம்மாவுடையது. அம்மாவே சொன்னாள்.


செப்டம்பர் 15

நீ எனக்குக் கெடு வைக்கிறாய். நன்றாக இருக்கிறது.

ஸ்கேலுக்கு ஏன் கொடுத்தேன் என்று கேட்கிறாய். அவள் தப்புச் செய்தால் அன்றைக்கே என் அறைக்கு வந்து, "மேடம், தப்பு பண்ணிட்டேன்" என்று நிற்பாள். நீ தப்புச் செய்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, நான் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பாய். சின்ன வயதில் என் புதுப் பேனாவை உடைத்துவிட்டு நாலு நாள் சும்மா இருந்தவள்தானே. அறுநூறு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு ஆளை இரண்டாவது நாற்காலியில் உட்காரவைக்க முடியாது. உன் பாடம் நன்றாக இருக்கும், அது வேறு.

இனிமேல் மூடி மறைக்க எனக்குப் பொறுமை இல்லை. நீ சீட்டை மறக்கவில்லை.

அன்று ஒன்பது இருபதுக்கு பீரங்கி உன் வகுப்பு வாசலுக்கு வந்தார். மற்ற எல்லா வகுப்பிலிருந்தும் சீட்டு வந்துவிட்டது, உன்னுடையது மட்டும் வரவில்லை. "டீச்சர், உங்க சீட்டு?" என்று கேட்டார். "இன்னைக்கு எல்லாரும் வந்தாச்சு, நீங்க போங்க" என்றாய். அவர் எட்டிப் பார்த்திருக்கிறார். ஜன்னலோரம் ஒரு இடம் காலியாக இருந்திருக்கிறது. டீச்சரே சொன்ன பிறகு வாட்ச்மேன் என்ன பேசுவார்? அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் வந்து சொன்னார். தெருவையே எழுப்புகிறவர் காதோடு பேசினார். வெளியே மூச்சு விடக்கூடாது என்று நான்தான் அவர் வாயைக் கட்டினேன்.

கவனக்குறைவு என்று ஏன் எழுதினேன் என்று இப்போது புரிகிறதா? கவனக்குறைவுக்கு இடமாற்றத்தோடு விட்டுவிடுவார்கள். தெரிந்தே செய்தால் வேலை போகும், போலீஸ் வரும். அந்த ஒரு வார்த்தையை எழுதித்தான் உன்னை இன்றைக்கும் கரும்பலகை முன்னால் நிற்கவைத்திருக்கிறேன். அதற்கு நன்றியாக நீ மூன்று வருடமாக என்னோடு பேசவில்லை. நானும் வாங்கிக்கொண்டேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் ரெண்டு பேரும் புத்தி சொல்றீங்க. ஒருத்திகிட்ட ஒருத்தி ஒழுங்கா ரெண்டு வார்த்தை பேசத் தெரியல." அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஏன் அப்படிச் செய்தாய்? அன்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். இப்போது கேட்கிறேன்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

உன் கடிதத்தை நாலு நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பீரங்கி சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இத்தனை நாள் உன்மேல் கோபப்பட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். முந்தின நாள் நீ ஸ்கேலின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலை என் வகுப்பில் முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ரெட்டைப்பின்னல் மட்டும் வரவில்லை. பென்சிலில் கோடு போட்டேன். சீட்டும் எழுதினேன். எழுதிய சீட்டை மேஜை டிராயரில் போட்டுச் சாத்தினேன்.

காய்ச்சலாக இருக்கும், வீட்டில் படுத்திருப்பாள், ஒரு நாள் தேடாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். என் கணக்கெல்லாம் பதினோரு மணியில் இருந்தது. அந்த நாலு பெரிய மனிதர்களோடு நீ வருவாய். முகம் பார்ப்பாய். பென்சில் கோடு இருக்கும், பிள்ளை இருக்காது, தேடிப்போன ஆளும் இருக்க மாட்டார். "எங்க இந்தப் பொண்ணு?" என்று கேட்பாய். "தெரியலையே மேடம்" என்பேன். அவர்கள் முன்னால் உன் முகம் சுண்டிப்போகும். ஒரே ஒரு தடவை உன் முறை உன் கண்ணெதிரே சறுக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நீ பார்க்கவில்லை. இருபத்து மூன்றாம் வரியில் உன் பேனா இறங்கியபோது நான் உன் முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்றேன். காலி இடம் எனக்கு நேர் எதிரே இருந்தது. 'அக்கா, அவ வரல' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே பீரங்கியை ஓடவிட்டிருப்பாய், அவள் அம்மாவுக்குப் போன் போயிருக்கும். வாயைத் திறக்கவில்லை. பயத்தில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது அக்கா. பார், இவ்வளவு பேசுகிறாள், இவளே பார்க்காமல்தான் போடுகிறாள் என்று சந்தோஷம். அதை நினைத்தால் என் உடம்பே எனக்குக் கூசுகிறது.

ஆனால் என்னைக் காப்பாற்றினேன் என்று மட்டும் சொல்லாதே. தங்கை தெரிந்தே செய்தாள் என்று நீ எழுதியிருந்தால், அப்படியானால் பதினோரு மணிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் மேடம் என்று கேட்டிருப்பார்கள். என் தப்பு சின்னதாக இருக்கும்வரைதான் உன் தப்பு தப்பே இல்லாமல் போகும். இரண்டையும் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, வெளியே என் பெயரை மட்டும் எழுதினாய். நான் பயத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இதில் யார் யாருக்கு நன்றி சொல்வது?

கெடு அப்படியேதான் இருக்கிறது. இப்போது அது நம் இரண்டு பேருக்கும்.


செப்டம்பர் 24

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கிழித்துப் போடத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அதை நான் மன்னிக்கப் போவதில்லை. மூட்டையைப் பற்றி எழுதியது உண்மை. உண்மையைச் சொன்னதற்காகவும் உன்னை மன்னிக்கப் போவதில்லை.

நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். மூன்றாவது மாடி. பெண் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. இப்போது அவள் பேருந்தில் ஏறுவதே இல்லையாம், வேறு பள்ளிக்கு முக்கால் மணி நேரம் நடந்து போய் வருகிறாளாம். அம்மாக்காரி கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன். முகம் பார்க்காமல் மை போட்டேன், போனில் கிளார்க் உங்களுக்குச் சொன்ன பொய் நான் போட்ட பொய் என்று. அழுவாள், கையை ஓங்குவாள் என்றுதான் போயிருந்தேன். அவள், "பன்னெண்டு மணிக்கே தேடப் போயிருப்பேனே" என்றாள்.

பிறகு, "அந்த நோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது, நன்றாக நடக்கிறது, எல்லாப் பள்ளிக்கும் போகப்போகிறது என்றேன். அந்த வாசலில் நின்றுகொண்டும் அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. நான் எப்படிப்பட்ட பிறவி என்று பார்த்துக்கொள்.

"இப்ப முகத்த யாரு பாக்குறாங்க?" என்று கேட்டாள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு பதினோரு மணிக்கு நான் எந்த வகுப்புக்கும் போவதில்லை. பேனாவை ஸ்கேலிடம் கொடுத்துவிட்டேன். மீட்டிங் என்பேன், அறிக்கை எழுத வேண்டும் என்பேன். மேலிடத்து ஆட்கள் வரும் நாளில் மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு முன்னால் நடப்பேன். ஸ்கேல் முகம் பார்க்கிறாளா இல்லையா என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. போனால் பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க வேண்டுமே. நானே செய்யப் பயப்படும் ஒரு வேலையை நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மேடை போட்டுச் சொல்லிக்கொடுக்க இருந்தேன்.

இன்று காலை அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இயக்குநர் பதவி வேண்டாம், மை போட்டது நான், வகுப்பாசிரியை சொன்னதை நம்பி என்று எழுதியது பொய். பதிவேட்டை வைத்துக்கொள்வதும் தூக்கிப்போடுவதும் உங்கள் இஷ்டம் என்றும் எழுதினேன். அந்த வரியை எழுதும்போது பத்தொன்பது வருடமும் என் கையைப் பிடித்து இழுத்தது. பூட்டு மறுபடி கேட்டுக்கு வந்தால் அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

டிராயரைப் பற்றி எழுதவில்லை. பீரங்கியிடமும் பேசிவிட்டேன். உன் கணக்கில் அந்தக் கவனக்குறைவு அப்படியே கிடக்கட்டும். எனக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறது. அவர்கள் இன்றைக்கே போகச் சொன்னாலும் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லை. உனக்கு இன்னும் பதின்மூன்று வருடம் இருக்கிறது. எழுத்தே தெரியாமல் வரும் பிள்ளையை மூன்று மாதத்தில் வாசிக்கவைக்கிற ஆள் இந்த நகரத்தில் அதிகம் பேர் இல்லை. இதை ஒரு நாளும் உன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. இப்போதும் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அதனால் இது உத்தரவு. முப்பதாம் தேதி கடிதத்தில் வழக்கமான நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு. இது ஒன்றையாவது நான் சொன்னபடி செய்.

அக்கா


செப்டம்பர் 29

அக்கா,

உத்தரவு கிடைத்தது. திறக்க வேண்டிய அன்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். இப்போது மறுபடியும் மூடு என்கிறாய். இன்னொரு தடவை முடியாது. நீ சொன்னதை நான் எந்த நாளில் கேட்டிருக்கிறேன்?

நேற்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. டிராயர், பீரங்கி கேட்டது, நான் சொன்னது, உன் பக்கத்தில் நின்றது, எல்லாம் இருக்கிறது. உன் முறையைப் பற்றியும் கேட்டிருந்தார்களே, அதற்கும் ஒரு பக்கம் எழுதினேன். நாற்பத்தொரு பிள்ளைகள் திரும்பி வந்ததை எழுதினேன். மை போடுகிறவரும் சீட்டு எழுதுகிறவரும் ஒரு வீட்டுக்காரர்களாக இருக்கக்கூடாது என்றும் எழுதினேன். நம்மைப்போல் இன்னொரு ஜோடி எங்கேயாவது இருந்து தொலைக்கும்.

சஸ்பெண்ட் நிச்சயம் என்று எங்கள் ஹெச்.எம். சொல்கிறார். சொல்லும்போது ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்துகொண்டார். அதற்கு மேலும் வரலாம். என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்காக நீ யாரையும் பிடிக்காதே, யாரிடமும் சிபாரிசுக்குப் போகாதே. இந்தத் தடவை என்னைக் காப்பாற்ற வந்தாயானால் சத்தியமாக உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன்.

தபாலில் போடுவதற்கு முன்னால் நானும் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரியிடம்தான் சொல்ல வேண்டும் என்று போனேன். கதவைத் திறந்தது ரெட்டைப்பின்னல். பின்னல் இப்போது இல்லை, முடியைக் கழுத்தோடு வெட்டியிருக்கிறார்கள். பத்து வயதுக்கு நல்ல உயரம். என்னைப் பார்த்ததும், "டீச்சர்!" என்று கத்தினாள். உடனே தலையைக் குனிந்துகொண்டு, "சாரி டீச்சர்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அன்னைக்கு நான் பஸ்ல தூங்கிட்டேன். அதனாலதான் உங்களுக்குத் திட்டு விழுந்துச்சாம். அதனாலதான் நீங்க வேற ஸ்கூலுக்குப் போயிட்டீங்களாம்."

மூன்று வருடமாக அந்தப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது. நீ எழுதிய அந்த ஒரு வார்த்தை எங்கெங்கே போயிருக்கிறது பார். உன்னை மட்டும் சொல்லவில்லை. நானும்தானே அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

உள்ளிருந்து அவள் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள். பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்னத் தேடினீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது போதும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லம்மா. நீ வரலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நான் ஆள் அனுப்பல. உன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்றேன். மீதியை அவள் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு பெண்ணின் கையை என் கையிலிருந்து பிரித்து எடுத்து, உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"ஏம்மா? டீச்சர் ஏன் என்னத் தேடல?" என்று உள்ளே அவள் கேட்டது எனக்குக் கேட்டது. நான் மூன்று மாடியும் இறங்கி முடிக்கும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.